அரைப் பேருக்குப் பிரெஞ்சில் என்ன?

1

பொருள் தெரியாத ஒரு சொல்லை நான் ஒருமுறை மொழிபெயர்த்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் மன்னிக்கலாம். எழுத்துத் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதைச் செய்துதான் சோறு சாப்பிடுகிறார்கள். நான் அந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பும் எழுதினேன். அந்த அடிக்குறிப்பு கப்பலேறிப் பிரான்சில் லியோன் நகரம்வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, கண்டிக்கு அப்பால் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலை மலையொன்றில் கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள் எல்லோருடைய வேலையையும் பறித்தது. காரைக்காலில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்த நண்பர்கள் இதைப் படித்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள். என் பிரெஞ்சு அவர்களுக்குத் தெரியும். நான் வேலை பார்க்கிற கண்டிக்குத்தான் தெரியாது.

நாலைந்து வருடமாக வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வெளியே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது எழுத வைத்தவள் என் மகள். போன வாரம் கான்வென்டிலிருந்து வந்தவள் பையைக் கதிரையில் போட்டுவிட்டு, "அப்பா, இனிமேல் என்னை மின்னி எண்டு கூப்பிடுங்கோ" என்றாள்.

"ஞானஸ்நானத்தில் வைத்த பிலோமினா என்ன ஆனாள்?"

"அது நீளம். சிஸ்டரே மின்னி எண்டுதான் கூப்பிடுறா."

"குடும்பப் பேர்?"

"அதுவும் வேண்டாம். பிள்ளைகள் சிரிக்கினம்."

காரைக்கால்காரர் வீட்டுப் பெண்ணுக்கு யாழ்ப்பாணத் தமிழ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வகுப்புத் தோழிகளிடமிருந்து வந்தது. அவள் வீட்டில் சோறு கேட்பது தமிழில், தெருவில் விளையாடுவது சிங்களத்தில், செபம் சொல்வது இங்கிலீஷில். என்னைக் கண்டிக்க மட்டும் யாழ்ப்பாணம். பிரெஞ்சுக்கு அவளிடம் இடமே இல்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி செசிலி சொன்னாள்: "பாதிப் பேரை இவளே வெட்டிட்டா. மிச்சப் பாதியைக் கட்டிக்கிறவன் எடுத்துக்குவான். அரைப் பேர் குடும்பம்தானே நம்பளது."

அரைப் பேர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செசிலிக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

2

எங்கள் குடும்பப் பெயரின் கதையைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

காரைக்காலில் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக்கொண்டவர்கள் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். என் அப்பா அதற்காக மேரிக்குப் போனார். (இந்த வரியை நான் வாசித்துக் காட்டியபோது மகள், "மேரி மாதா கோயிலுக்கா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் மேரி என்றால் பிறப்பு இறப்பு பதிகிற நகரசபை அலுவலகம் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. அவள் நம்பவில்லை.) அங்கிருந்த அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன பெயர் வேண்டும்?" என்றார். அப்பா யோசித்துக்கொண்டு போகவில்லை. மேசைமேல் ஒரு புட்டி இருந்தது. அதில் ஒட்டியிருந்த சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆங்க்ர். அதிகாரி எழுதிவிட்டார். மை என்று அர்த்தம்.

அன்றுமுதல் நாங்கள் மைக் குடும்பம். அப்பா அதில் பெருமைப்பட்டார். அதற்கு முன்னால் தான் பாதி மனிதனாக இருந்ததாகவே சொல்லுவார். "குடும்பப் பேர் இல்லாதவனை மேரியில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்ல மாட்டான்" என்பார்.

நான் கண்டிக்கு வந்து வேலையில் சேர்ந்தபோது இங்கே இருந்தவர்கள் அதை ஆங்கர் என்று எழுதிக்கொண்டார்கள். இங்கிலீஷில் அது நங்கூரம். காரைக்காலில் மையாக இருந்த குடும்பம் கடலைத் தாண்டியதும் நங்கூரமாகிவிட்டது. திருத்தலாம் என்று இரண்டொரு தடவை முயன்றேன். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது; அது முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது. நங்கூரம் நகரவில்லை.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவனிடம்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

3

தேயிலை விலை விழுந்திருந்த காலம். தோட்டங்களில் ஆளைக் குறைத்து, குறைத்தவர்களை அக்கரையில் இந்தியாவிலுள்ள மண்டபம் முகாமுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லியோனில் பட்டு வியாபாரம் செய்த ஒருவர் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தை வாங்கினார். தோட்டத்து நிர்வாகம் எங்கள் கண்டி அலுவலகத்தின் கையில். புது முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் துரைக்குப் பிரெஞ்சு தெரியாது. தோட்டத்தில் யார் என்ன வேலை செய்தார்கள், எது முடிந்தது, எது பாக்கி என்ற மாதாந்த விவரமெல்லாம் இனிமேல் பிரெஞ்சில் போகவேண்டும் என்று உத்தரவு.

எங்கள் பெரிய கிளாக்கர் நல்லதம்பியர் யாழ்ப்பாணத்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "உமக்குப் பிரெஞ்சு தெரியுமெண்டு வந்த நாள்முதல் சொல்லிக்கொண்டு திரியிறீர். இப்ப பிடியும்."

உண்மைதான், சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். மாலையில் வாவிக்கரையில் நடக்கும்போது தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால், வாத்தைப் பார்த்தாவது ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்லிவைப்பேன்.

முதலில் சொற்பட்டியல் தயாரித்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து விடுகிற வேலைக்கு இங்கிலீஷில் டாஸ்க். பிரெஞ்சில் தாஷ். இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவிலுள்ள எழுத்தின் தலையில் சின்னத் தொப்பி ஒன்று இருந்தால்தான் அது வேலை. தொப்பி இல்லாவிட்டால் கறை. எங்கள் அலுவலகத் தட்டச்சு இங்கிலீஷ்காரன் செய்தது. அதில் தொப்பி கிடையாது. முதல் பிரதியை அடித்து எடுத்துப் பார்த்தால், இன்ன பெண்ணுக்கு இன்று ஒரு கறை, இன்ன ஆளுக்கு அரைக் கறை, நேற்றைய கறை இன்னும் நீங்கவில்லை என்று பக்கம் பக்கமாக இருந்தது. பேனாவை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் தொப்பி போட்டேன். நல்லதம்பியர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, குடை பிடிக்கிறீரோ?" என்றார்.

'பென்டிங்' என்பதற்கு அதே சாயலில் ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுவிட்டேன். அது தூக்கில் தொங்குகிறவனுக்கு உரிய சொல் என்பது உறை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. மறுபடி அடித்தேன். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவன் எங்கே விழுந்தேன் பாருங்கள்.

பட்டியலின் கடைசியில் 'ஹாஃப் நேம்' என்று ஒரு சொல் இருந்தது. பெண்கள் பலருக்கு நேரே அது எழுதியிருந்தது. நல்லதம்பியரிடம் கேட்டேன்.

"ஹாஃப் எண்டால் அரை. நேம் எண்டால் பெயர். இதுக்கு உமக்கு அகராதி வேணுமோ?"

"அரைப் பெயர் என்றால் என்ன ஐயா?"

"தோட்டத்து வழக்கம் ஓய். அங்கை போய்ப் பார்த்தனானோ நான்? இருக்கிறதை அப்பிடியே போடும்."

போட்டேன். தெமி-நோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லியோன்காரர் இதைப் பார்த்து விழிப்பாரே என்று எனக்கு இரக்கம் வந்தது. அப்பாவும் மைப்புட்டியும் நினைவுக்கு வந்தார்கள். பாவம், இந்தப் பெண்களுக்கும் குடும்பப் பெயர் இல்லைபோலும் என்று எண்ணிக்கொண்டேன். வேறு ஊர்க்காரன் யாருக்கும் இந்த எண்ணம் வந்திருக்காது. காரைக்கால்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய எண்ணம் இது. கீழே அழகாக அடிக்குறிப்பு எழுதினேன்: 'அரைப் பெயர்க்காரர்: குடும்பப் பெயர் பதிவாகாததால் அடையாளம் முழுமை பெறாதவர்.'

அன்று மாலை வாவிக்கரையில் இரண்டு சுற்று அதிகமாக நடந்தேன்.

4

பதில் வந்தது. நல்ல தடித்த காகிதம். துரை அதை என்னிடம் தந்து இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார். முசே, அதாவது லியோன் முதலாளி, எழுதியிருந்தார்: உங்கள் அடிக்குறிப்பைக் கவனித்தேன்; எங்கள் நிறுவனம் அடையாளம் முழுமையில்லாதவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது; அரைப் பெயர்க்காரர் முழுப் பெயர் பெறும்வரை அவர்களுக்கு வேலை தரவேண்டாம்.

என் அடிக்குறிப்பை லியோனில் ஒருவர் கவனித்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். துரை படித்தார். 'அரைப் பெயர்க்காரர் முழுப் பெயர் பெறும்வரை வேலை இல்லை.' தலையை ஆட்டினார். "கெட்டிக்காரர். ஊரைப் பார்க்காமலே நிலவரத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு மலைக்கு அனுப்பினார்.

பிரெஞ்சில் பைத்தியக்காரத்தனமாக இருந்த ஒரு வாக்கியம் இங்கிலீஷில் எப்படிப் புத்திசாலித்தனமாயிற்று என்று எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்து அந்தோணி கங்காணி தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம் கீழே ஒரு கூட்டம் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். அவ்வப்போது அலுவலகத்துக்கு வருவார்.

"ஐயா, மலையில அரைப் பேரை நிப்பாட்டிட்டாங்க. ஐயா கையாலதான் காயிதம் போச்சுன்னு சொன்னாங்க. கைப்புள்ளக்காரிங்க அம்புட்டுப் பேரும் லயத்துல குந்தியிருக்காளுங்க. எம்மக சவரியம்மாவும் அதுல ஒருத்தி. இப்பிடியே போனா பத்துச்சீட்டக் குடுத்து அக்கரைக்கு அனுப்பிருவாங்க ஐயா."

லயம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு; பத்துச்சீட்டு என்றால் உனக்கு இனி இங்கே வேலையில்லை என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு. சவரியம்மாவின் புருஷனுக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. சீட்டு அவளுக்கு மட்டும்.

"அவர்கள் குடும்பப் பெயரைப் பதிந்துவிட்டால்..." என்று ஆரம்பித்தேன்.

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடும்பப் பேரா? அதுக்கும் இதுக்கும் என்னாங்க? ஒரு நா வேல செஞ்சா ஒரு பேரு. புள்ளைக்குப் பாலு குடுக்கணும்னு மத்தியானத்தோட எறங்கிட்டா அரைப் பேரு. ஐயாவுக்குத் தெரியாததா?"

ஐயாவுக்குத் தெரியாது. நாள் முழுக்க வேலை செய்தால் அன்றைய ஏட்டில் அவர் பெயர் விழும்; அதனால் ஒரு நாள் உழைப்புக்கே பேர் என்று பெயர். தோட்டத்துச் சனம் சொன்னதைத் துரைமார் கேட்டுத் தங்கள் பாஷையில் நேம் என்று எழுதிக்கொண்டார்கள். அதனால்தான் முழு நாள் நிற்காதவளுக்கு வேலையில்லை என்று துரை அந்த உத்தரவைப் படித்திருக்கிறார். நான் அகராதியில் அதைத் தேடிக் கொண்டிருந்தேன். அது இங்கிலீஷே இல்லை. என் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட பாஷை, துரை வேஷம் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றிருக்கிறது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடையாளம் முழுமை பெறாதவர் யார் என்று இப்போது அடிக்குறிப்பு எழுதியிருக்கலாம்.

திங்கட்கிழமை நல்லதம்பியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துரையிட்டைச் சொன்னால் திருத்துவார் எண்டு நினைக்கிறீரோ? அந்த ஆளுக்கு உத்தரவு பிடிச்சுப்போச்சு. செலவு குறையுது. நீர் உளறினால் உமக்கும் ஒரு பத்துச்சீட்டுத் தருவினம். நீரும் கங்காணியின்ரை மகளும் ஒரே கப்பலிலை போகலாம்."

"முசே சைகோன் போகிற வழியில் கொழும்பில் இறங்கித் தோட்டத்தைப் பார்க்க வருகிறாராம். நான்தான் மொழிபெயர்ப்பு."

"ஓம். அப்ப செபம் பண்ணும். எந்தப் பாஷையிலை எண்டு முதல் யோசிச்சுக்கொள்ளும்."

5

முசேயும் துரையும் நானும் விடிகாலையில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தெல்தெனியவைத் தாண்டியதும் ரோட்டைப் பனிமூட்டம் மூடிவிட்டது. முசே சிறிய உருவம். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, இருமல். பட்டு விற்பவர். தேயிலைச் செடியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். இது எனக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை. பத்து வருடத்துக்கு மேலாகத் தேயிலை அலுவலகத்தில் இருந்துகொண்டு காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தை நான் அதுவரை கண்டதில்லை.

பரேட் என்ற இங்கிலீஷ்தான் வாய்மாறி மலையில் பிரட்டு ஆனது என்கிறார்கள். அவர்கள் சொல்லை நாம் எடுத்து இப்படி ஆக்கினோம். நம் சொல்லை அவர்கள் எடுத்து அப்படி ஆக்கினார்கள். கணக்கு நேர்.

எங்கோ மேலே தப்பு அடித்தார்கள். அந்தச் சத்தம் ஒரு மலையில் பட்டு இன்னொரு மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு மூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் பேச்சு வந்தது, பிறகு கூடை, அதற்குப் பிறகுதான் மனிதர். தலையில் மடித்துப் போட்ட கம்பளியோடு பெண்கள் வரிசை வரிசையாக வந்து நின்றார்கள். வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கங்காணி உரத்த குரலில் கூப்பிட ஆரம்பித்தார். காளியம்மா. ராக்காயி. மரியாயி. பெயர் விழ விழ ஒவ்வொருத்தியாக வரிசையிலிருந்து விலகி மலைமேல் ஏறினாள். கூப்பிட்டால்தான் மலை அவளை ஏற்றுக்கொள்ளும் என்பதுபோல் இருந்தது.

தேவதூதர்களான சம்மனசுகள் வந்து நம்மைப் பெயர் சொல்லி எழுப்பும் நாள் ஒன்று உண்டு என்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்ததுண்டு. அது காலை நேரத்தில், குளிரில், தேயிலைக் கூடையோடு நடக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் பட்டியலில் கீழே கீழே அடித்துத் தள்ளிய அந்தச் சொல் இதுதானா? உழைப்பை அளக்க மணியை வைத்திருக்கிறார்கள், எடையை வைத்திருக்கிறார்கள். உழைத்தவளின் பெயரையே படியாக வைத்து அளந்தவர்கள் இந்த மலையில்தான் இருக்கிறார்கள். இதற்குப் பிரெஞ்சில் சொல் இல்லை. இங்கிலீஷிலும் இல்லை, கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஓரத்தில், கூப்பிடப்படாமல், சில பெண்கள் நின்றார்கள். மாராப்புக்குள் குழந்தைகள். முசே கையை நீட்டி, அவர்கள் ஏன் தனியாக நிற்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் துரையிடம் இங்கிலீஷில் கேட்டேன்.

"ஹாஃப் நேம்ஸ்" என்றார் துரை. "அவருடைய உத்தரவுதானே."

முசே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெமி-நோம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்டிக்குத் திரும்பிவிடலாம். அந்தோணி கங்காணி கூப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முசே," என்றேன், "எங்கள் தமிழில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் என்று சொல்லுவோம். இவர்கள் பெயர் முழுதாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுப்பதால் அரை நாள் வேலை செய்கிறார்கள். அவ்வளவுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் அந்த அடிக்குறிப்பை எழுதியது யார்?"

"ஒரு முட்டாள், முசே."

"உங்களுக்குத் தெரிந்தவரா?"

"முகம் சவரம் செய்யும்போது பார்ப்பதுண்டு."

துரை பொறுமையிழந்து, "என்ன இவ்வளவு நேரம் பேசுகிறார்?" என்றார். மரங்களைப் பற்றி விசாரிக்கிறார் என்றேன். கடவுள் மன்னிப்பார், அவருக்கு எல்லா மொழியும் தெரியும்.

முசே ஓரத்தில் நின்ற பெண்களிடம் நடந்துபோனார். முதலில் நின்றவளிடம் முழுப் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார்.

"சவரியம்மாங்க" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "பேரக் கேக்குறாரே, பேரு போடுவாராமா?"

"அரை நாள்தான் வேலை செய்வாயாமே, ஏன் என்று கேட்கிறார்."

"பாதி நா கொழுந்துக்கு, பாதி நா இவனுக்கு." மாராப்பை விலக்கிக் குழந்தையின் தலையைக் காட்டினாள். "கொழுந்துப் பாதிக்குத்தானே பேரு கேக்குறோம். இவன் பாதிக்கு யாருகிட்ட கேட்டோம்?"

அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை, அடிக்குறிப்புப் போடவில்லை. என் ஆயுளில் நான் செய்த ஒரே நல்ல மொழிபெயர்ப்பு அது.

முசே தொப்பியைக் கழற்றினார். எத்தனையோ எழுத்துகளுக்குத் தொப்பி போட்டவன் நான். ஒரு தொப்பி கழன்றதைக் கண்டு கண் கலங்கி நின்றேன். ஒரு பட்டு வியாபாரி, இருமலோடு, நனைகிற தலையோடு, ஒரு கைக்குழந்தைக்காரி முன்னால். பிறகு, "அவர்களுடைய பெயரை அவர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்" என்றார். நான் துரையிடம் இங்கிலீஷில் சொன்னேன். துரை கங்காணியிடம் தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "பேர் போடு." கண்டிக்கும் லியோனுக்கும் சுற்றிவிட்டு அந்தச் சொல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "சவரியம்மா" என்று கூப்பிட்டார். தன் மகளை அன்று அவர் கூப்பிட்டதுபோல் ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

6

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மலையில் நிற்க முடியாமல் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். முசேயும் துரையும் பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். உடம்பு லேசாக இருந்தது. இந்தக் கதையைச் செசிலியிடம் எங்கிருந்து தொடங்குவது, நல்லதம்பியரிடம் எங்கே நிறுத்துவது என்று வார்த்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் பெயர் மையோ நங்கூரமோ, அன்றைக்கு அது முழுதாக இருந்தது.

சவரியம்மா கூடையோடு அந்த வழியாக வந்தாள். கம்பளி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து, வேண்டாம் என்று சொல்வதற்குக் கையைக்கூடத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஐயா பேசினது நல்லாத்தான் இருந்திச்சு" என்றாள். "ஆனா மூணு பாசையில பேசி முடிக்கிறதுக்குள்ள பிரட்டு பிந்திப்போச்சு. இப்ப மழையும் வந்திருச்சு. இன்னிக்கு மல முழுக்க எல்லாருக்கும் அரைப் பேருதான்."